விளக்கை அப்புறம் வாங்கலாம், பைப்பை இப்போதே போட்டுவிடுங்கள்

புது வீட்டில் வெளிவிளக்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெயின்ட் அடிக்கும் வாரத்தில்தான் தொடங்கும். அதற்குள் சுவர் பூசியாகிவிட்டது, முற்றத்தில் பேவர் கல் பதித்தாகிவிட்டது, போர்டிகோ தளம் இறுகிக் கிடக்கிறது. கையில் இருப்பது வாசல் மேலே ஒரு பாயிண்ட், பின்பக்கம் ஒன்று, கேட் தூணுக்கு ஒன்று. அதற்கு மேல் எது வேண்டுமானாலும் சுவர் மேலே கிளிப் அடித்து ஒயர் ஓட்ட வேண்டும், அல்லது பூசிய சுவரைத் திரும்ப வெட்ட வேண்டும். வெட்டிப் பூசிய காடி எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் மறையாது. பக்கத்தில் விளக்கு எரியும்போது தழும்பு மாதிரி எழுந்து நிற்கும்.

விளக்கின் வடிவம், வாட், நிறம் எல்லாம் கடைசி மாதத்தில் முடிவு செய்தால் போதும். ஒயர் போகும் வழியும், அது வந்து முடியும் சுவிட்சும் செங்கல் வேலை நடக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். தளத்துக்குக் கம்பி கட்டும் நாளுக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. போர்டிகோ சீலிங்கிலும் சன்ஷேடின் அடியிலும் வரும் விளக்குகளுக்கான பெட்டி கான்கிரீட்டுக்குள்ளேயே போகிறது. அந்த நாளை விட்டால் அப்புறம் டிரில்லை வைத்து மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பிளானில் கோடு போடுவது

வீட்டு பிளானை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, இருட்டிய பிறகு யார் எங்கே நடப்பார்கள் என்று பென்சிலால் கோடு போடுங்கள். கேட்டிலிருந்து வாசல்படி வரை ஒரு கோடு. கார் நின்றால் அதன் கதவுகள் எங்கே திறக்கும் என்று ஒரு வட்டம். பின்கதவிலிருந்து குப்பைத் தொட்டி, மோட்டார் ரூம், துணிக்கொடி. வெளிப்படிக்கட்டு இருந்தால் அதன் முதல் படியையும் கடைசிப் படியையும் அழுத்தமாகக் குறியுங்கள், கால் கணக்குத் தப்புவது அங்கேதான். இந்தக் கோடுகள் தொடாத இடத்தில் விளக்கு வேண்டும் என்றால், ஏன் என்று ஒரு காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ‘எலிவேஷனுக்கு (வீட்டின் முகப்புக்கு) அழகாக இருக்கும்’ என்பதும் காரணம்தான், ஆனால் அதற்குத் தனிச் சுவிட்ச் கொடுத்துவிடுங்கள். தினமும் எரிய வேண்டியதும் விருந்தாளி வந்தால் எரிய வேண்டியதும் ஒரே சுவிட்சில் இருந்தால், கொஞ்ச நாளில் இரண்டுமே எரியாது.

அடுத்து, நின்று கைவேலை செய்யும் இடங்கள்: பூட்டு, கேட்டின் தாழ்ப்பாள், வீட்டு எண், படிக்கட்டுக் கைப்பிடி. போர்டிகோ சீலிங்கின் நடுவில் ஒரே ஒரு விளக்கு இருந்தால் சாவி போடுகிறவரின் முதுகுப் பக்கம்தான் வெளிச்சம் விழும். அவர் நிழல் சரியாகப் பூட்டின் மேல் உட்காரும். கதவின் பூட்டு இருக்கும் பக்கத்தில், தரையிலிருந்து 1.65 முதல் 1.8 மீட்டர் உயரத்தில் ஒரு சுவர் விளக்கு இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. கதவின் இரண்டு பக்கமும் வைக்க இடம் இருந்தால் வந்து நிற்பவரின் முகமும் நிழலில்லாமல் தெரியும். காலிங் பெல்லில் கேமரா இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

எவ்வளவு வெளிச்சம் என்பதை வாட்டில் கேட்காதீர்கள், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லூமெனைப் பாருங்கள். வாசலுக்கு 400 முதல் 800 லூமென். பாதையோரக் குட்டைத் தூண் விளக்கு ஒன்றுக்கு 100 முதல் 200. படி விளக்குக்கு 30 முதல் 80 போதும். கார் நிறுத்துமிடத்துக்கு 800 முதல் 1500. ஆள் நடமாட்டத்துக்கு எரியும் ஃபிளட் லைட் என்றால் 1500 முதல் 2500. இதற்கு மேல் போகும் ஆசை வந்தால் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணில் அடிக்கும் விளக்கு

வெளிச்சம் போதவில்லை என்று கெட்டுப்போன வெளிவிளக்கு அபூர்வம். விளக்கே கண்ணில் அடிப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. முழுநிலா தரையில் தரும் வெளிச்சம் 0.3 லக்ஸை (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) தாண்டாது, அதிலேயே பழகிய பாதையில் நடந்துவிடுகிறோம். வீட்டு நடைபாதைக்கு 5 முதல் 10 லக்ஸ் தாராளம். ஒரு 50 வாட் ஃபிளட் லைட்டை கேட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தால், உள்ளே வருகிறவரின் கண்மணி சுருங்கிவிடும். விளக்குக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் இருப்பது எல்லாம் அவருக்குக் கறுப்பு. ஒளிந்து நிற்க நினைப்பவனுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

ஆகவே விளக்கு எதுவானாலும் எரியும் பகுதி உள்வாங்கி இருக்க வேண்டும், முகம் கீழே பார்க்க வேண்டும். பாதையோரத் தூண் விளக்கு 60 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில், 2 முதல் 3 மீட்டர் இடைவெளியில் வந்தால் போதும். இரண்டு பக்கமும் நேருக்கு நேராக நட்டால் விமான ஓடுபாதை மாதிரி ஆகிவிடும், ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி நடுங்கள். படி விளக்கைப் பக்கச் சுவரில், படியின் தளத்திலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். படியின் நெற்றியிலேயே பதிப்பதாக இருந்தால் மேலே குல்லா வைத்த மாடல்தான். இல்லாவிட்டால் ஏறி வருகிறவரின் கண்ணுக்கு நேராக ஒவ்வொரு படியும் டார்ச் அடிக்கும்.

பிறகு வீட்டுக்குள்ளிருந்தும் ஒரு முறை யோசியுங்கள். படுக்கையில் தலை வைக்கும் இடத்திலிருந்து ஜன்னல் வழியாக எந்த விளக்கு தெரியும்? பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எது தெரியும்? இரண்டாவது கேள்வியைக் குடிபோன பிறகு நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரரே வந்து கேட்பார்.

சுவரில் மேலும் கீழும் அடிப்பது

மேலும் கீழும் ஒளி வீசும் சுவர் விளக்குதான் இப்போது எல்லா எலிவேஷன் படத்திலும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்த சுவர் கண்ணாடி மாதிரி சமமாக இருப்பதால் படத்தில் அது அழகு. கொத்தனார் பூசிய சுவர் அப்படி இருக்காது.

ஒளி புறப்படும் இடம் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 2 மீட்டர் மேலே பூச்சில் 1 மில்லிமீட்டர் மேடு இருந்தால், அது போடும் நிழலின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். பகலில் கையால் தடவினாலும் தெரியாத மேடு, ராத்திரியில் நாற்பது மடங்கு நீண்டு கறுப்புக் கோடாக விழும். கரணை இழுத்த வளைவு, பைப் காடி அடைத்த இடம், இரண்டு நாள் பூச்சு சந்திக்கும் ஒட்டு எல்லாம் வரிசையாக வெளியே வரும். அதே விளக்கை 50 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அந்த நிழல் 4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். சுவரில் குறை அதேதான், ஒளி வரும் கோணம்தான் மாறியது.

கல் பதித்த சுவர், பள்ளம் மேடான டைல்ஸ், திறந்த செங்கல் என்றால் ஒட்டி வைத்த விளக்கு பிரமாதமாக இருக்கும். அந்தச் சுவரில் நிழல்தான் அழகு. சமமான பூச்சுச் சுவருக்கு விளக்கைத் தள்ளி வைத்து ஒளியைப் பரப்புங்கள், சுவர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் என்பது நல்ல கணக்கு. 3 மீட்டர் சுவருக்கு 1 மீட்டர் தள்ளி, சன்ஷேடின் அடியிலோ தரையிலோ. இல்லை, ஒட்டித்தான் வேண்டும் என்றால் பட்டி பார்க்கும் முன்பே இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, தெரிகிற மேடுகளைப் பென்சிலால் வட்டமிட்டு, மறுநாள் கொத்தனாரிடம் காட்டுங்கள். பெயின்ட் அடித்த பிறகு காட்டினால் அவர் விளக்கைத்தான் குறை சொல்வார், அதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

சீலிங்கிலிருந்து அடிக்கும் ஸ்பாட் லைட்டுக்குக் கோணம் பார்த்து வாங்க வேண்டும். 3 மீட்டர் உயரத்திலிருந்து 15 டிகிரி விளக்கு தரையில் போடும் வட்டம் 80 சென்டிமீட்டர்தான். 36 டிகிரி என்றால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 60 டிகிரி என்றால் சுமார் மூன்றரை மீட்டர். போர்டிகோவில் 15 டிகிரி விளக்கை மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் தரை முழுக்கத் திட்டுத்திட்டாக இருக்கும்.

பைப், பெட்டி, நியூட்ரல்

வெளிப்பக்கம் போகும் பைப்புக்கு 25 மி.மீ. நல்லது. இன்றைக்கு மூன்று ஒயர் போனாலும் நாளைக்கு இன்னொரு சர்க்யூட் அதே வழியில் போக இடம் இருக்கும். பைப் வெளிச்சுவரை நோக்கிக் கொஞ்சம் தாழ்ந்து வர வேண்டும். வெளியிலிருந்து வீட்டுக்குள் சரிந்து வரும் பைப், மழைக்காலத்தில் தண்ணீரைச் சுவிட்ச் போர்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். போர்டைக் கழற்றினால் பெட்டிக்குள் துரு, யாருக்கும் காரணம் புரியாது. ஒவ்வொரு விளக்கு இடத்திலும் பெட்டி பதியுங்கள், வெறும் பைப் முனையை நீட்டிவிட்டுப் போக விடாதீர்கள். பெட்டியின் முகம் பூச்சுக்குச் சமமாக வர வேண்டும். 2 சென்டிமீட்டர் உள்ளே போய்விட்டால் விளக்கின் தட்டு ஸ்க்ரூவைப் பிடிக்காது. பெட்டிக்கு வெளியே 20, 30 சென்டிமீட்டர் ஒயர் மிச்சம் இருக்கட்டும்.

கார் பாதைக்கும் நடைபாதைக்கும் கல் பதிக்கும் முன்னால் குறுக்கே 50 மி.மீ. பைப் இரண்டு புதைத்துவிடுங்கள். ஒன்று மின்சாரத்துக்கு. மற்றொன்று பெல், கேமரா, கேட் மோட்டாரின் சிக்னல் ஒயருக்கு. இரண்டையும் ஒரே பைப்பில் போடக் கூடாது. முட்டுக்கு முட்டு எல்போ போட்டால் கேபிள் திரும்பாது, நீளமான வளைவுதான் வேண்டும். உள்ளே நைலான் கயிறு ஒன்றை விட்டு, இரண்டு முனையையும் மூடி போட்டு அடையுங்கள். மூடாமல் விட்டால் மண்ணும் எறும்பும் நிரப்பிவிடும். இந்த இரண்டு பைப்பின் செலவு முழு வீட்டுக் கணக்கில் தெரியவே தெரியாது. கல் பதித்த பிறகு அதே வேலைக்கு ஒரு நாள் கூலியும் உடைந்த கற்களும்.

மண்ணுக்குள் நேராகப் போவது ஆர்மர்டு கேபிளாக (உலோகக் கவசம் சுற்றியது) இருக்க வேண்டும். ஆழம் உங்கள் பகுதி மின்விதி சொல்வது. கேபிளுக்கு மேலே மணல், அதற்கு மேலே எச்சரிக்கை டேப். நாளைக்குச் செடி நடக் கடப்பாரை போடுகிறவர் முதலில் அந்த டேப்பைப் பார்க்க வேண்டும். மூடும் முன்னால் சுவர் மூலையிலிருந்து அளவு டேப்பை நீட்டி வைத்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூசும் முன் சுவர்களுக்கும் இதே போட்டோ வேண்டும்.

டிபியில் (வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டி) வெளிவிளக்குக்குத் தனி 6 ஆம்ப் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), அதற்குத் தனி 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்). பலர் இதில் சிக்கனம் பார்ப்பார்கள். வெளியே ஏதோ ஒரு விளக்கில் ஈரம் ஏறினால் ஆர்சிசிபி டிரிப் ஆகும், ஆகத்தான் வேண்டும். அந்த ஒரே ஆர்சிசிபியில் ஃப்ரிட்ஜும் ஃபேனும் இருந்தால் கொட்டும் மழையில், நடுராத்திரியில், வீடு முழுக்க இருட்டு. தனியாக இருந்தால் கேட் விளக்கு மட்டும் அணையும், காலையில் பார்த்துக்கொள்ளலாம். இதில் ஒரு பொறி உண்டு: எலக்ட்ரீசியன் அவசரத்தில் பக்கத்து பெட்டியிலிருந்து நியூட்ரலை இரவல் வாங்கி விளக்குக்குக் கொடுத்திருந்தால், ஃபேஸ் ஒரு ஆர்சிசிபி வழியாகப் போய் நியூட்ரல் இன்னொன்றின் வழியாகத் திரும்பும், சுவிட்சைப் போட்ட நொடியே டிரிப் ஆகும். விளக்கை மாற்றிப் பயனில்லை, நியூட்ரலைத் தேடுங்கள்.

சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் ஒயர் வர வேண்டும். சாதாரண சுவிட்சுக்கு அது தேவையில்லை என்பதால் கொண்டுவர மாட்டார்கள். பின்னால் டைமர், சென்சார், ஸ்மார்ட் சுவிட்ச் எது வைத்தாலும் பெரும்பாலானவை நியூட்ரல் கேட்கும். நியூட்ரல் இல்லாமல் இரண்டு ஒயரில் ஓடும் மாடல்கள் தங்களுக்கு வேண்டிய கரண்டை விளக்கின் வழியாகவே இழுக்கும். எல்இடி அணைத்த பிறகும் மினுக் மினுக் என்று இருப்பதற்கு அது ஒரு காரணம். சுவிட்சில் இருக்கும் குட்டி இண்டிகேட்டர் விளக்கு இன்னொரு காரணம். கேட் வரை நீண்டு போகும் ஒயர், பக்கத்தில் ஓடும் உயிருள்ள ஒயரிலிருந்து மின்னழுத்தத்தை வாங்கிக்கொள்வது மூன்றாவது. விளக்குக்கு இணையாக ஒரு பைபாஸ் கெப்பாசிட்டர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். அதற்கு முன் சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறதா, ஃபேஸை வெட்டுகிறதா என்று பாருங்கள். நியூட்ரலை வெட்டினால் அணைத்த விளக்கிலும் ஃபேஸ் உயிரோடு இருக்கும், பல்பு மாற்றக் கை வைக்கிறவருக்கு அது ஆபத்து.

உலோக உடல் உள்ள எல்லா விளக்குக்கும், தூணுக்கும் எர்த். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் அச்சிட்ட (இரட்டை இன்சுலேஷன்) விளக்குக்கும் 12 வோல்ட் விளக்குக்கும் தேவையில்லை.

12 வோல்ட் தோட்டத்தின் கணக்கு

தோட்டத்துக்கு 12 வோல்ட் விளக்கு பாதுகாப்பானது. குழந்தைகள் தொட்டாலும் மண்வெட்டி பட்டாலும் உயிர்ப்பயம் இல்லை. ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் கரண்ட் ஏறும், ஒயர் தடிமன் போதாவிட்டால் வழியிலேயே வோல்ட் செத்துப்போகும்.

6 வாட் விளக்கு பத்து, மொத்தம் 60 வாட், 5 ஆம்ப். டிரைவரிலிருந்து (வீட்டு மின்சாரத்தை விளக்குக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) 20 மீட்டர் தள்ளி எல்லா விளக்கும் கூடி இருக்கிறது, ஒயர் 1.5 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போக 20, வர 20, ஆக 40 மீட்டர் செம்பு. தடை சுமார் 0.47 ஓம். 5 ஆம்ப் பெருக்கினால் 2.3 வோல்ட் ஒயரிலேயே போய்விட்டது. விளக்குக்குச் சேர்ந்தது 9.7 வோல்ட். எல்இடி ஸ்ட்ரிப் என்றால் கண்கூடாக மங்கும். உள்ளே டிரைவர் வைத்த ஸ்பாட் லைட் என்றால் ஒரு எல்லை வரை சமாளித்துவிட்டு, அப்புறம் மின்னி மின்னி அணையும்.

4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.9 வோல்ட்டாக இறங்கும். விளக்குகள் தோட்டம் நெடுகப் பரவியிருந்தால் டிரைவரை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் 10 மீட்டராகப் பிரித்துக்கொள்ளலாம், 1.5 ஒயரிலேயே இழப்பு 0.6 வோல்ட்டைத் தாண்டாது. தூரமும் கரண்டும் சேர்ந்து பாதியாவதால் கால்வாசி. எல்லாவற்றையும்விட எளிது, தொடக்கத்திலேயே 24 வோல்ட் சாமான் வாங்குவது: கரண்ட் 2.5 ஆம்ப், இழப்பு 1.2 வோல்ட், அதாவது 5 சதவீதம். 12 வோல்ட் விளக்கும் 24 வோல்ட் டிரைவரும் ஒரே அலமாரியில் இருந்தால் மாறிப்போக வாய்ப்பு உண்டு. மாட்டிய நொடியில் புகை.

டிரைவரை 60 வாட்டுக்கு 60 வாட் என்று கணக்காக வாங்காதீர்கள், 75 அல்லது 80 வாட் வாங்குங்கள். வெயில் படாத, கையெட்டும் இடத்தில் வையுங்கள். எல்இடியைவிட டிரைவர்தான் முதலில் சாகும், அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் வற்றிப்போவதால். ஜிப்சம் சீலிங்குக்குள் புதைத்த டிரைவர், ஒரு நாள் சீலிங்கையே வெட்ட வைக்கும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது

தூசியையும் தண்ணீரையும் விளக்கு எவ்வளவு தடுக்கும் என்று சொல்வது ஐபி எண். அதன் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. கூரைக்கு அடியில், சாரல் மட்டும் படும் இடத்துக்கு ஐபி44 போதும். மழை நேராக அடிக்கும் சுவருக்கு ஐபி65. நிலத்தில் பதிப்பதற்கு ஐபி67. ஐபி67 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கும் சோதனை. பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் 65, 66 சோதனையை அது தானாக உள்ளடக்காது. ஹோஸ் பைப்பால் கழுவும் இடத்தில் இரண்டு எண்ணும் சேர்த்துப் போட்ட மாடலைத் தேடுங்கள்.

இந்த எண் எல்லாம் தொழிற்சாலையில் மூடிய விளக்குக்குத்தான். அதைத் திறந்து ஒயர் கொடுத்து மூடுகிற கையில்தான் பாதி ஐபி போய்விடும். கேபிள் விளக்குக்குள் நுழையும் கிளாண்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் உருண்டைக் கேபிளைச் சுற்றி இறுகுவதற்காகச் செய்தது. எம்20 கிளாண்டு ஏறக்குறைய 6 முதல் 12 மி.மீ. கேபிளைப் பிடிக்கும். அதற்குள் தனித்தனி ஒயர் மூன்றை நுழைத்தால் ஒயர்களுக்கு நடுவில் முக்கோண ஓட்டை. தட்டையான கேபிளை நுழைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி. எவ்வளவு முறுக்கினாலும் அடையாது. வெளிவிளக்குக்குக் கடைசி அரை மீட்டராவது மூன்று கோர் உருண்டைக் கேபிள் கொடுங்கள்.

இன்னொரு வழி, விளக்கு மூச்சு விடுவது. எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிந்து வெளியேறும். அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். மழையில் நனைந்து நிற்கும் நேரத்தில் இழுத்தால், காற்றுக்குப் பதில் தண்ணீர். ரப்பர் நன்றாக இருந்தால் விளக்கு, கேபிளின் செம்பு இழைகளுக்கு நடுவிலிருக்கும் சந்து வழியாக இழுக்கும்: மறுமுனையில் ஒயர் ஜாயிண்ட் ஈரமான பெட்டிக்குள் இருந்தால், அந்த ஈரம் கேபிளுக்குள்ளேயே பயணம் செய்து, சீல் செய்த விளக்கின் கண்ணாடிக்குப் பின்னால் பனி போல் படியும். விளக்கு மட்டம் என்று திருப்பிக் கொடுப்பார்கள். புதிதாக வந்ததும் அதே மாதிரி ஆகும். ஜாயிண்டைக் கறுப்பு டேப் சுற்றிவிட்டு மண்ணில் புதைப்பது வேலையே இல்லை. ஜெல் நிரப்பிய கனெக்டர், அல்லது ரெசின் ஊற்றிய ஜாயிண்ட். முடிந்தால் ஜாயிண்டே தரைக்கு மேல், சுவர்ப் பெட்டியில் வரட்டும்.

சுவர் விளக்குக்குக் கேபிள் கீழிருந்து ஏற வேண்டும். மேலிருந்துதான் வரும் என்றால் விளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றுங்கள், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். விளக்கின் தட்டைச் சுற்றி சிலிக்கான் போடும்போது மேலும் இரண்டு பக்கமும் மட்டும் போடுங்கள். அடிப்பக்கத்தையும் சேர்த்து அடைத்தால், எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தேங்கும்.

நிலத்தில் புதைக்கும் விளக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று இன்னொரு முறை யோசித்துக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் அதன் அடியில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, தண்ணீர் இறங்க வழி செய்யுங்கள். களிமண் தரையில் குழி வெட்டி அப்படியே பதித்தால் அது விளக்கு வைத்த கிண்ணம். இலை விழும், மண் படியும், மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும். மரத்தடிக்கு முளை அடித்து நிறுத்தும் ஸ்பைக் லைட் இதைவிடப் பல மடங்கு நிம்மதி. மரம் வளர வளரத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

கடலோரக் காற்று படும் வீட்டுக்கு ஸ்டீல் என்றால் 316 தரம். 304 பழுப்புக் கறை படியும். அலுமினிய விளக்கில் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டால் உப்புக்காற்றில் ஸ்க்ரூவைச் சுற்றியிருக்கும் அலுமினியம் அரித்து இறுகி, பிறகு கழற்றவே வராது. மாட்டும்போதே மரையில் கிரீஸ் தடவுங்கள்.

நிறம், பூச்சி, சென்சார்

வெளிச்சத்தின் நிறம் 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெள்ளை) அல்லது அதற்குக் கீழே. எண் ஏற ஏற நீலம் கூடும். முகப்பு முழுக்க ஒரே எண். ஒரு தூணில் 3000, பக்கத்துத் தூணில் 6500 இருந்தால் எந்தப் பெயின்டும் ஒரே நிறமாகத் தெரியாது. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும் என்பது இன்னொரு காரணம். வாசல் கதவுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் பூச்சி வீட்டுக்குள். பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். கேமராவை ஒட்டியும் விளக்கு வேண்டாம். பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும், ராத்திரி முழுக்க அலர்ட் வந்துகொண்டே இருக்கும்.

நடமாட்டச் சென்சாரை 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் வையுங்கள். அதற்கு நேராக நடந்து வருகிறவரைவிடக் குறுக்கே கடக்கிறவரை அது சீக்கிரம் பிடிக்கும். ஆகவே கேட்டைப் பார்த்து வைக்காமல், பாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். அது பார்ப்பது உடம்புச் சூட்டின் அசைவை. ஏசியின் வெளி யூனிட், ஆடும் கிளை இரண்டும் அதை ஏமாற்றும். வெளிக்காற்று உடம்புச் சூட்டை நெருங்கும் இரவுகளில் அதன் எட்டும் தூரம் குறையும், சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்ற வேண்டாம். சென்சாரில் 10 ஆம்ப் என்று போட்டிருப்பதை நம்பி எல்இடிகளை வரிசையாகத் தொங்கவிடாதீர்கள். எல்இடி டிரைவர் எரியும் நொடியில் இழுக்கும் கரண்ட் பல மடங்கு. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே நிற்கும். எல்இடிக்கு எத்தனை வாட் என்று தனியாக எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். அதிகம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே).

இருட்டினால் எரியும் ஃபோட்டோசெல் மீது அதே விளக்கின் வெளிச்சம் விழக் கூடாது. விழுந்தால் எரியும், பகல் என்று நினைத்து அணையும், மறுபடி எரியும். இதற்குப் பதில் சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் அஸ்ட்ரோ டைமரை டிபியில் வைத்தால் வெளியே சென்சாரே வேண்டாம், ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு முறை கொடுத்தால் போதும். வாசலும் பாதையும் அதில் இரவு 11 மணி வரை. அதற்கு மேல் சென்சார் விளக்குகள் மட்டும். 7 வாட் விளக்கு பத்து 11 மணி நேரம் எரிந்தால் மாதம் 23 யூனிட், 5 மணி நேரம் என்றால் பத்தரை.

ஸ்மார்ட் வேண்டும் என்றால் பல்பை விட்டுவிட்டுச் சுவிட்சை ஸ்மார்ட் ஆக்குங்கள். ஸ்மார்ட் பல்பின் சுவிட்சை வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் அணைத்துவிடுவார். டைமர் என்ன ஆனாலும், படுக்கையறையில் எல்லா வெளிவிளக்கையும் ஒரே தட்டில் போடும் சுவிட்ச் ஒன்று இருக்கட்டும். வெளியே சத்தம் கேட்கும்போது ஆப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மாட்டும் முன், மாட்டிய பின்

விளக்கை மாட்டும் முன் ஒயரை மட்டும் 500 வோல்ட் மெகரால் (ஒயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) பாருங்கள். டிரைவர், சென்சார் எதுவும் இணைந்திருக்கக் கூடாது, அந்த 500 வோல்ட் அவற்றைக் கொன்றுவிடும். 1 மெகாஓம் என்பது குறைந்தபட்ச எல்லை. புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும்; 1-ஐ ஒட்டி நின்றால் எங்கோ பைப்பில் தண்ணீர் நிற்கிறது, அல்லது ஒயரின் தோல் கிழிந்திருக்கிறது. கேட் வரை போகும் சர்க்யூட் இருக்கும் டிபியில் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் வேண்டும், இடி இறங்கும் சீசனில் முதலில் போவது அந்த நீளமான லைனில் தொங்கும் டிரைவர்கள்தான்.

எல்லாம் எரிந்த அன்றைக்கே ஒவ்வொரு மாடலிலும் இரண்டு உபரி வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் அதே மாடல் கிடைத்தாலும் வேறு பேட்ச்சில் 3000 கெல்வின் இன்னொரு 3000 ஆக இருக்கும். அட்டைப்பெட்டிகளின் லேபிளை வெட்டி, எந்த சர்க்யூட், எந்தப் பெட்டியில் ஜாயிண்ட், டிரைவர் எங்கே என்று ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்து டிபி கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்.